84 நாள் கரையில் நின்ற படகு: வன்னிக் குளம் ஒன்றில் நடந்த மட்டிச் சோதனை

2024 ஒக்டோபர் 26ஆம் திகதி, சனிக்கிழமை இரவு, மழைத் தூறலுக்குள் ஒரு லொறி எங்கள் குளக்கட்டுக்கு வந்தது. மேலே 18 அடி நீளப் பைபர் படகு. 15 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம் சாக்கில் சுற்றித் தனியாகக் கிடந்தது. மேற்குக் கரையோரத்தில் ஒருவரிடம் பாவித்த படகாக வாங்கியது. காசு, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சேர்த்து அனுப்பியது. குளம் முல்லைத்தீவு மாவட்டத்தின் நடுத்தரக் குளங்களில் ஒன்று. பெயரைத் தவிர்க்கிறேன். படகு விற்றவரையோ எங்கள் சங்கத்து ஆட்களையோ சந்திக்கு இழுப்பது என் நோக்கமில்லை.

எங்கள் நன்னீர் மீன்பிடிச் சங்கத்தில் 42 பேர். எல்லோரிடமும் துடுப்பு வலிக்கிற சின்ன வள்ளங்கள்தான். இயந்திரப் படகு இரண்டு வேலைக்குத் தேவைப்பட்டது. சல்வீனியா என்ற மிதக்கும் நீர்க்களையை இழுத்துக் கரைசேர்க்க வேண்டும்; இரவில் வந்து தங்கூசி வலை போடுகிறவர்களைத் துரத்த வேண்டும். வாங்கும்போது இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தோம், அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தோம், பதிவுத் தாளைப் பார்த்தோம். தாளில் நீளம் இருந்தது, இயந்திர இலக்கம் இருந்தது, உரிமையாளர் பெயர் இருந்தது. படகு கடைசியாக எந்தத் தண்ணீரில் நின்றது என்பது அதில் இல்லை, நாங்களும் கேட்கவில்லை. சங்கச் செயலாளர் என்ற முறையில் அதை நான் கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு நல்ல நேரம். தலைவர் தேங்காயும் கற்பூரமும் கொண்டு வந்துவிட்டார். அதற்கு முன், எட்மன்டனில் இருக்கும் சித்தப்பாவின் மகனுக்குப் படகின் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். காசு சேர்த்தவர்களில் அவனும் ஒருவன். படம் போய் இரண்டு நிமிடத்தில் அழைப்பு வந்தது.

“அண்ணை, அடியில தண்ணி வடியிற ஓட்டையின்ர பிளக்கைக் கழட்டித்தானே லொறியில ஏத்தினவங்கள்?”

“ஏனடா? தண்ணியில இறக்கப் போறம். பிளக் பூட்டித்தானே இருக்கவேணும்.”

“இறக்காதேங்கோ. பின்னுக்கு இயந்திரம் பூட்டுற பலகையை நல்லாக் கிட்டவாப் படம் எடுத்து அனுப்புங்கோ.”

குனிந்து பார்த்தேன். பழைய பெயின்ற் முடியும் இடத்தில், பலகையின் மூலையில், கறுத்த பூசணி விதை போல ஐந்தாறு சிப்பிகள். ஒன்றை நகத்தால் நெம்பினேன், வரவில்லை. தலைமுடியிலும் மெல்லிய பழுப்பு நார்களால் பைபரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பலமாக இழுத்ததும் நார்கள் ஒவ்வொன்றாக அறுந்து கையோடு வந்தது. ஓடு இறுக மூடியிருந்தது. செத்த சிப்பி என்றால் ஓடு வாய் பிளந்து கிடக்கும் என்பது குளக்கரையில் வளர்ந்த எவருக்கும் தெரியும். இது உயிரோடு இருந்தது.

“நாலு ஊரிக்குப் பயந்து நல்ல நேரத்தை விடுறதே தம்பி? உரஞ்சி விட்டாப் போச்சு” என்றார் தலைவர். அவரில் பிழையில்லை. அன்று காலை கரையில் நின்ற எல்லோருக்கும் அது நாலு ஊரிதான்.

அவன் ஏன் பதறினான்

அவன் இருக்கும் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் படகை ரெயிலரில் கட்டிக்கொண்டு போகிற எவரும் வழியில் உள்ள சோதனை நிலையம் திறந்திருந்தால் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாமல் போனால் தண்டம் முன்பு 324 டொலர். 2024இல் அதை 4,200 ஆக்கினார்கள். பிளக்கைக் கழற்றாமல் படகைத் தெருவில் கொண்டுபோனால் 600 டொலர். பக்கத்து பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அதே 2024 மே மாதத்தில் இருந்து, படகைத் தெருவில் ஏற்ற முன் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடிப்பது கட்டாயம். அல்பேர்ட்டாவில் மட்டி மணம் பிடிக்கப் பழக்கிய நாய்கள் உண்டு. தம்பியின் படகை அப்படி ஒரு நாய் முழுக்கச் சுற்றி முகர்ந்ததை அவன் காணொளியாக வைத்திருக்கிறான். அது ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த அதிகாரி சொல்லிக்கொடுத்தது அவன் மனதில் நின்றுவிட்டது.

அவர்கள் பட்ட பாடு பெரியது. 1988இல் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் உள்ள சென் கிளேயர் ஏரியில் வரிக்குதிரை மட்டி கண்டுபிடிக்கப்பட்டது. கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்து உயிர் அது. கப்பல்கள் பாரத்துக்காக அடியில் நிரப்பிவந்து கொட்டும் தண்ணீரில் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டே மிச்சிகனில் மன்றோ என்ற ஊருக்கு ஏரித்தண்ணீர் எடுக்கும் குழாய் மட்டியாலும் பனிக்கட்டியாலும் அடைபட்டு, ஊருக்குத் தண்ணீர் நின்றுபோனது. ஒரு பெண் மட்டி ஆண்டுக்குப் பத்து இலட்சம் முட்டை வரை இடும். முட்டையில் இருந்து வரும் குடம்பி கண்ணுக்குத் தெரியாது. வாரக்கணக்கில் தண்ணீரோடு மிதந்து திரிந்து, பிறகுதான் எதிலாவது ஒட்டும்.

மீட் ஏரி நெவாடாவின் பாலைவனத்துக்குள் இருக்கிறது. சென் கிளேயர் பக்கத்துப் பேரேரிகளில் இருந்து அங்கே போக ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. 2007 ஜனவரியில் அங்கே வரிக்குதிரை மட்டியின் உறவான குவாகா மட்டி பிடிபட்டது. படகு ஒன்றோடு நெடுஞ்சாலையில் போயிருக்க வேண்டும். தண்ணீரில் வாழும் உயிர் தார் ரோட்டால் பயணம் போகும் என்பதுதான் அந்தச் சோதனை நிலையங்களுக்கெல்லாம் அடிப்படை.

எங்களுக்கு எது ஆபத்து

இந்த இரண்டு மட்டியும் குளிர்நாட்டு உயிர்கள். தண்ணீர் 30 பாகை செல்சியஸை நெருங்கினால் வரிக்குதிரை மட்டிக்கு மூச்சு முட்டும். எங்கள் குளங்கள் ஓகஸ்ட் மாதத்தில் வற்றிக் கால் மூடும் அளவுக்கு வரும்போது கரையோரத் தண்ணீர் அதையும் தாண்டிச் சுடும். அதனால் வரிக்குதிரை மட்டியும் குவாகாவும் வன்னியில் காலூன்றும் என்று நான் நினைக்கவில்லை. அதை நினைத்து நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. சீனாவைச் சேர்ந்த பொன் மட்டி வெப்பத்தைத் தாங்கும், நன்னீரில் வாழும், அதே மாதிரி நார்விட்டு ஒட்டும். 1991இல் ஆர்ஜென்ரீனாவின் லா பிளாட்டா ஆற்றுமுகத்தில் கண்டார்கள். ஆற்றுக்கு மேலே மேலே ஏறி 2001இல் பிரேசில், பரகுவே எல்லையில் உள்ள இத்தாய்ப்பு அணைக்கே வந்துவிட்டது. எங்கள் படகு லொறியில் வந்த அதே 2024 ஒக்டோபரில்தான் கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் துறைமுகப் பக்கத்தில் பொன் மட்டி பிடிபட்டது. வட அமெரிக்காவில் அதுவே முதல் தடவை. சில மாதத்துக்குள் அங்குள்ள ஏரிகள், வெளியில் இருந்து வரும் படகு 30 நாள் காய்ந்த பிறகே இறங்கலாம் என்று சட்டம் போட்டன.

உவர்நீரில் வாழும் உறவுக்காரர்கள் இன்னும் கிட்டத்தில் நிற்கிறார்கள். கரிபியன் பக்கத்துக் கறுப்புவரி மட்டி 1960களிலேயே விசாகப்பட்டினத்தில் கண்டறியப்பட்டது. மத்திய, தென் அமெரிக்கக் கரையோரத்தைச் சேர்ந்த இன்னொரு மட்டி கேரளத்தின் அஷ்டமுடிக் காயலை நிரப்பிய பிறகு சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்திலும் படர்ந்தது. அங்குள்ள மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் காக்கா ஆழி. சேற்றின் மேல் பாய் விரித்தாற்போல மூடிவிடுவதால் இறால் புதைய இடமில்லை. கையால் இறால் தடவிப் பிடிப்பவர்கள் கால் வைக்க முடியாதபடி ஓடு கிழிக்கிறது. அவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனார்கள். எண்ணூரும் எங்கள் முல்லைத்தீவு நந்திக்கடலும் ஒரே மாதிரிச் சேற்றுக் களப்புகள். நாயாறு, கொக்கிளாய், சுண்டிக்குளம் எல்லாமே அப்படித்தான். எங்கள் கரையில் சிறகு வலை கட்டி இறால் பிடிப்பவர்கள் காக்கா ஆழியின் படத்தையாவது ஒருமுறை பார்த்து வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 பெப்ரவரியில், பறிமுதல் செய்யப்பட்டு ஆண்டுக்கணக்கில் கரையில் நின்ற தமிழ்நாட்டு இழுவைப் படகுகளை வடக்கின் பல இடங்களில் ஏலம் விட்டார்கள். கிளிநொச்சி மாவட்டத்தின் கிராஞ்சியும் அதில் ஒன்று. அந்தப் படகுகளைப் பற்றி எவ்வளவோ பேச்சு நடந்தது: யாருக்குச் சொந்தம், எவ்வளவு காசு, யார் வாங்கலாம் என்று. அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்ற கேள்வியை நான் எங்கும் கேட்டதில்லை.

இந்த நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதுமில்லை. ஆகாயத்தாமரை நாட்டுக்குள் வந்து சில ஆண்டுகளிலேயே, 1909இல், அதற்கென்றே ஒரு கட்டளைச் சட்டம் போட வேண்டி வந்தது. சல்வீனியா 1939இல் கொழும்புக்குக் கல்வித் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட செடி. 85 ஆண்டு கழித்து வன்னியில் நாங்கள் அதை அள்ளுவதற்குப் படகு வாங்கினோம்.

மட்டி குளத்துக்குள் வந்தால் என்ன நடக்கும்? ஒவ்வொரு மட்டியும் நாளுக்கு ஒரு லீற்றர் அளவு தண்ணீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசியைத் தின்னும். திலாப்பியாக் குஞ்சும் கட்லாவும் வளர்வது அந்தப் பாசியில்தான். எங்கள் குளத்து நாட்டு மட்டிகளின் ஓட்டின் மேலேயே வந்த மட்டி ஒட்டி, வாய் திறக்க விடாமல் கொல்லும்; சென் கிளேயர் ஏரியில் நாட்டு மட்டிகள் சில ஆண்டுக்குள் அப்படித்தான் அழிந்தன. அந்த நாட்டு மட்டியையும் நத்தையையும் நம்பித்தான் நத்தைகொத்தி நாரைகள் வருகின்றன. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசுக் கதவில் ஒட்டினால் கதவு இறங்காது. அதுதான் கமக்காரருக்கு விளங்கிய பகுதி. கமக்காரர் அமைப்பின் தலைவர் இதைக் கேட்டதும் “அப்ப படகு கரையிலேயே நிக்கட்டும்” என்று சொன்னார். எங்கள் தலைவரும் அதற்குப் பிறகுதான் தேங்காயைத் திருப்பிக் கொண்டுபோனார்.

சோதனை

படகைத் தண்ணீரில் இருந்து 200 மீற்றருக்கு அப்பால், குளக்கட்டின் வெளிப்பக்கமாக ஒரு மருதமரத்தடியில் கட்டை வைத்து ஏற்றினோம். கழுவுகிற தண்ணீர் குளத்தை நோக்கி ஓடக்கூடாது என்பதற்காகத்தான் அந்த இடம்.

தம்பி கைபேசியில் காணொளியாக நின்று ஒவ்வொரு இடமாகக் காட்டச் சொன்னான். முதலில் கண்ணால் அல்ல, உள்ளங்கையால். புதிதாக ஒட்டிய மட்டிக் குஞ்சு கண்ணுக்குப் படாது. ஆனால் மழமழவென்று இருக்க வேண்டிய பைபர், கையை ஓட்டும்போது சாண்ட் பேப்பர் போலச் சொரசொரக்கும். நான் முன்னணியத்தில் இருந்து பின் வரைக்கும் இரண்டு பக்கமும் தடவினேன். ஒரு இடத்தில் சொரசொரத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பழைய பெயின்ற் வெடித்திருந்தது. கை ஏமாற்றவும் செய்யும், ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

பிறகு இயந்திரம். காற்றாடிக்கு மேலே, குளிர்விக்கும் தண்ணீரை உறிஞ்சும் சின்னச் சல்லடை ஒன்று உண்டு. அதைக் கழற்றினதும் உள்ளே ஈரம். லொறியில் சாக்குக்குள் கிடந்தபடியால் காயவில்லை. சல்லடைக்குப் பின்னால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஏழு மட்டி, இரண்டு உயிரோடு. நங்கூரக் கயிற்றின் முறுக்குக்குள் சேறு. அந்தச் சேற்றுக்குள் இரண்டு நத்தை.

இதுவரைக்கும் எல்லோரும் மட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்னணியத்தில் பலகைக்குக் கீழே ஒரு மிதவைப் பெட்டி இருந்தது. படகு கவிழ்ந்தாலும் தாழாமல் இருக்க, காற்று அடைத்து மூடிய பெட்டி. அதற்குத் திருகு மூடி. “அது காத்துத்தான், விடுங்கோ” என்று பொடியன் ஒருவன் சொன்னான். தம்பி விடவில்லை. மூடி துருவேறி இறுகிக் கிடந்தது. சாவி போட்டுத் திருகித் திறந்ததும் சேற்று மணம் அடித்தது. பைபரில் எங்கோ மயிரளவு வெடிப்பு, அதனூடாக உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மூன்று வாளி அள்ளினோம்.

அந்தத் தண்ணீரை வெள்ளை வேட்டித் துண்டில் வடித்தோம். துணியில் தங்கியவை: சல்வீனியாவின் பச்சைக் கொழுந்து ஐந்து, கடுகளவு நத்தைகள், துள்ளிக்கொண்டிருந்த நீர்த்தெள்ளுகள்.

விற்றவர் எங்களுக்குச் சொன்னது, படகு எப்போதும் களப்பில்தான் ஓடியது என்று. களப்பு உப்பில் சல்வீனியா பச்சையாக நிற்காது. அந்த மூன்று வாளியும் நன்னீர். தொலைபேசி எடுத்துக் கேட்டபோது மனிதர் மறைக்கவில்லை. ஒரு மாதம் நீர்த்தேக்கம் ஒன்றில் மீன்குஞ்சு விடுகிற வேலைக்குப் படகை இரவல் கொடுத்திருந்தாராம். அதைச் சொல்ல வேண்டிய விஷயமாக அவர் நினைக்கவே இல்லை.

வெளியில் ஒட்டியிருந்த மட்டியை இரண்டு போத்தலில் வைத்துப் பார்த்தோம். களப்புத் தண்ணீர் ஊற்றிய போத்தலில் இருந்தது அரை மணித்தியாலத்தில் ஓட்டைத் திறந்து வெள்ளை நாக்குப் போலக் காலை நீட்டித் தடவத் தொடங்கியது. குளத்துத் தண்ணீரில் போட்டது மூன்று நாள் இறுக மூடியபடி கிடந்தது; நாலாம் நாள் வாய் பிளந்து செத்துக் கிடந்தது. அதிலிருந்து அது உவர்நீர் மட்டி என்று எடுத்துக்கொண்டோம். இந்தச் சோதனையை வைத்து இது இன்ன இனம் என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது. கறுப்புவரி மட்டி போன்றவை மிகக் குறைந்த உப்பிலும் தாக்குப்பிடிக்கும். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கத் தெரிந்த உயிர் என்பதையே நான் அதில் கவனித்தேன்.

கண்ணில் பட்டு எங்களைப் பயமுறுத்தியது வெளியில் இருந்த மட்டி. குளத்துக்குள் போனால் பிழைத்திருக்கக் கூடியவையோ, எவரும் திறந்து பார்க்காத பெட்டிக்குள் இருந்த தண்ணீரில் இருந்தன. பொன் மட்டியின் குடம்பி அந்த நீர்த்தேக்கத்தில் இருந்திருந்தால் அதே மூன்று வாளியில் எங்களிடம் வந்திருக்கும், வேட்டித் துண்டில் தங்கியும் இருக்காது.

கிடாரத்துச் சுடுதண்ணீர்

அல்பேர்ட்டாவில் இதற்கென்று அழுத்தத்தில் சுடுதண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் இருக்கிறது. அவர்கள் கணக்கு: மட்டி இருக்கும் இடத்தில் படும்போது தண்ணீர் 60 பாகை இருக்க வேண்டும், 10 செக்கன் பட வேண்டும். இயந்திரத்தின் உள்ளே, பெட்டிகளுக்குள் அவ்வளவு சூடு கூடாது. 49 பாகையில் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே.

எங்களிடம் கோயில் கிடாரம் இருந்தது. அன்னதானத்துக்குச் சோறு வைக்கும் கிடாரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்தோம். வெப்பமானி பால் சேகரிப்பு நிலையத்தில் இரவல். முதல் வாளி ஊற்றும்போதே பிரச்சினை தெரிந்தது: கிடாரத்தில் 90 பாகை, வாளியில் கொண்டுபோகும்போது 80, பைபரில் வழிந்து ஓடும்போது 55. குளிர்ந்த பைபர் சூட்டைக் குடித்துவிடுகிறது. அதனால் சாக்கை மடித்து அந்த இடத்தில் போர்த்தி, சாக்கின் மேல் ஊற்றினோம். சாக்கு சூட்டைப் பிடித்து வைத்தது. சாக்குக்கு அடியில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தால் 64, அரை நிமிடம் கழித்தும் 60க்குக் கீழே இறங்கவில்லை. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. சங்கத்து அக்கா ஒருவர் இடியப்பம் அவிக்கிற நினைவில் சொன்ன யோசனை. இயந்திரத்தைப் பரலில் நிறுத்தி 50 பாகைத் தண்ணீரில் ஓடவிட்டோம். சுரண்டிய மட்டி, சேறு, மூன்று வாளித் தண்ணீர் எல்லாம் மரத்தடியில் வெட்டிய குழிக்குள் போய்ச் சுண்ணாம்போடு மூடப்பட்டது.

அப்புறம் காயவிடுதல். ஆடி ஆவணியில் என்றால் கச்சான் காற்றும் வெயிலும் ஒரு கிழமையில் படகைக் கருவாடாக்கிவிடும். ஆனால் வன்னியில் படகு கைமாறுவதும் இடம் மாறுவதும் மாரியில்தான். குளம் நிரம்பினால்தானே படகு தேவை. ஈரக்காற்றில், நிழலில், மூடிய மட்டி வாரக்கணக்கில் உயிர் வைத்திருக்கும். தறப்பாளால் மூடினால் உள்ளே வேர்க்கிறது, மூடாவிட்டால் மழை. இரண்டு தடவை நாள் எண்ணத் தொடங்கி இரண்டு தடவையும் மழையால் கைவிட்டோம். நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் வெள்ளம் வந்தது. குளம் வான் பாய்ந்தது. மருதமரத்தடி வரைக்கும் தண்ணீர் ஏறப்போகிறது என்று கண்டதும் இரவோடு இரவாக உழவு இயந்திரத்தில் கட்டிப் படகை மேட்டுக்கு இழுத்தோம். டிசெம்பர் 3ஆம் திகதி, பாழடைந்து கிடந்த ஒரு அரிசி ஆலைக் கொட்டிலுக்குள் ஏற்றி, அடிப்பலகை எல்லாம் கழற்றி, பெட்டி மூடியைத் திறந்து, பிளக்கைக் கழற்றி விட்டோம். அங்கே 30 நாள் முழுசாக எண்ணினோம். காற்று ஈரமாக இருந்தபடியால் பொங்கல் வரைக்கும் நீட்டினோம். 2025 ஜனவரி 18இல் படகு குளத்தில் இறங்கியது.

இதற்குக் கொடுத்த விலை சின்னதல்ல. வெள்ளத்தோடு மேற்குளங்களில் இருந்து வந்த சல்வீனியாவை அந்த மாரியில் எங்களால் அள்ள முடியவில்லை. இரண்டு பேர் சங்கத்தை விட்டே போனார்கள். இன்று கேட்டால், சுடுதண்ணீர் வைத்த படகுக்கு, உள்ளே கூரையின் கீழ் 10 நாள் போதுமாக இருந்திருக்கும் என்று நான் சொல்வேன். சுடுதண்ணீர் வைக்காத படகுக்கு 30 நாளில் ஒரு நாளும் குறைக்க மாட்டேன்.

வலை வந்த வழி

டிசெம்பர் நடுவில் ஒருநாள் காலை தோணித்துறையில் நின்றேன். எங்கள் உறுப்பினர் ஒருவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் உரப்பையில் வலை கட்டிக்கொண்டு வந்தார். முதல்நாள் மைத்துனரோடு களப்புக்குப் போயிருக்கிறார். பையை அவிழ்த்து, ஈர வலையைக் குளத்துத் தண்ணீரில் அலசினார். வலையில் இருந்து உதிர்ந்த சேறும் சின்னச் சிப்பியும் கண்முன்னே குளத்துக்குள் போயின.

ஏழு கிழமையாகப் படகைக் காவல் காத்த நாங்கள், ஒவ்வொரு நாளும் நடக்கும் இதைக் கவனிக்கவே இல்லை. அவரிடம் கேட்டேன். “தம்பி, உப்பு வலையை நல்ல தண்ணியில அலசாட்டி நூல் இத்துப் போடும்” என்றார். அது உண்மை. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு படகு பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும். வலையோ கிழமைக்கு மூன்று தடவை குளத்துக்கும் களப்புக்கும் நடுவில் ஓடுகிறது. பிறகு யோசித்தால், குளத்தில் விடுவதற்கு மீன்குஞ்சு வரும் பொலித்தீன் பையின் தண்ணீரும் அப்படியே உள்ளே ஊற்றப்படுகிறது. 2021இல் அமெரிக்காவில் கண்ணாடித் தொட்டிக்கு விற்கும் பாசிப் பந்துகளுக்குள் வரிக்குதிரை மட்டி கிடந்து, கடைகடையாக அள்ளி எடுத்தார்கள். படகை மட்டும் நிறுத்திச் சோதிப்பது, வீட்டு முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைப்பது போன்றது.

ஜனவரிக் கூட்டத்தில் சங்கம் எடுத்த தீர்மானம் கொப்பியில் ஒன்றரைப் பக்கம்தான். வெளித்தண்ணீரில் நின்ற எந்தப் படகும் பிளக் கழற்றி, மிதவைப் பெட்டி திறந்து காட்டாமல் குளக்கட்டுக்கு உட்பக்கம் வரக்கூடாது. கடைசி மூன்று மாதம் எங்கே நின்றது என்று கொண்டு வருபவர் சொல்லி, கையெழுத்து வைக்க வேண்டும். களப்பு வலைக்கும் குளத்து வலைக்கும் தனித்தனி வலை; முடியாதவர் வலையைக் கட்டின் வெளிப்பக்கம் உள்ள கிணற்றடியில் அலசி, கம்பி வேலியில் போட்டு முறுகக் காய வைத்துத்தான் கொண்டு வரலாம். அந்தக் கிணற்றுக்கு ஒரு தொட்டியும் கட்டினோம், நூல் இற்றுப்போகும் என்ற நியாயமான முறைப்பாட்டுக்கு அதுதான் பதில். மீன்குஞ்சுப் பையை வலைக்கரண்டியில் வடித்து, குஞ்சை மட்டும் விடுவது; தண்ணீர் தரையில். முதல் தடவை மீறினால் தண்டம் இல்லை, எல்லோருக்கும் முன்னால் வலையை அவரே காயவைத்துக் காட்ட வேண்டும். தண்டப் பணம் போட்டிருந்தால் இரவில் ஒளித்து அலசியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இப்படியொரு விதியை மேலிருந்து யாராவது கொண்டுவரும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். அல்பேர்ட்டாவில் நெடுஞ்சாலை ஒன்று, நிலையம் ஒன்று, நாய் ஒன்று. வன்னியில் ஒரு குளத்துக்கு ஐந்து பாதை, காட்டு வழி வேறு. அங்கே நிற்கக் கூடியவர்கள் தோணித்துறையில் தினமும் நிற்கும் ஆட்கள்தான். மீன்பிடித் திணைக்களத்தில் இருந்து நான் எதிர்பார்ப்பது ஒன்று: பதிவுத் தாளில் இன்னும் ஒரு வரி, படகு நின்ற நீர்நிலையின் பெயருக்கு.

உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் கறுப்புவரி மட்டி மூன்று படகுத்துறைகளுக்குள் பரவியபோது, துறைகளின் கதவை மூடி, குளோரினும் செம்புச் சல்பேற்றும் ஊற்றி ஒன்றுவிடாமல் கொன்றார்கள். கூடவே உள்ளே இருந்த எல்லா உயிரும் செத்தது. கதவு இருந்தபடியால் முடிந்தது. 2023இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து ஸ்னேக் ஆற்றில் குவாகா கண்டு செம்பு மருந்து ஊற்றினார்கள்; அடுத்த ஆண்டு மறுபடியும் கண்டார்கள். எங்கள் குளத்துக்குக் கீழே வயல் இருக்கிறது, தண்ணீர் குடிக்க மாடு வருகிறது, ஊர் குளிக்கிறது. ஊற்றுவதற்கு எங்களுக்கு எந்த மருந்தும் இல்லை என்றே அவருக்குச் சொன்னேன்.

துருசுக் கோபுரத்தின் ஏணியில் நைலோன் கயிறு கட்டி, அதில் ஒரு முழ இடைவெளியில் நாலு பிவிசி குழாய்த் துண்டுகளைத் தொங்க விட்டிருக்கிறோம். மட்டி வந்தால் முதலில் அப்படியான கடினமான, நிழலான இடத்தில் ஒட்டும். மாதம் ஒருமுறை இழுத்து எடுத்து, உள்ளும் புறமும் விரலால் தடவிப் பார்த்து, கொப்பியில் எழுதுகிறோம். கடைசியாக எடுத்தபோது பச்சைப் பாசியும், ஒரு துண்டின் உள்ளே நாட்டு நத்தையின் முட்டைத் திரளும் இருந்தன. பாசியைத் துடைக்காமல் அப்படியே திரும்ப இறக்கினோம்.